அமெரிக்காவில் கொப்பிரைற் வழக்கு: 90 நாள் கழிந்தும் அழைப்பாணை வரவில்லை. வழக்கு முடிந்ததா?

கொக்குவில்_ஸ்ரூடியோ எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொக்குவிலில் சின்னதாக ஒரு வீடியோ ஸ்ரூடியோ வைத்திருக்கிறேன். கலியாணம், சாமத்திய வீடு, கோயில் திருவிழா எல்லாம் எடுப்பேன். திருவிழா வீடியோக்களை என் யூரியூப் சனலிலும் போடுவேன். பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் லண்டன், கனடாவில் இருக்கும் எங்கள் ஆட்கள்தான்.

போன வருடம் இணுவில் பக்கம் ஒரு கோயிலில் இரவு மேளக்கச்சேரி எடுத்தேன். இரண்டு நாதஸ்வரம், மூன்று தவில். மைக் என்னுடையது, கமரா என்னுடையது, வித்துவான்களிடம் வாய்விட்டுக் கேட்டுத்தான் போட்டேன். தை மாதம் அமெரிக்காவில் உள்ள ஒரு ஓடியோ கொம்பனி அது தங்களுடையது என்று முறைப்பாடு கொடுத்து வீடியோவைத் தூக்கிவிட்டது. சனலுக்கு ஒரு ஸ்ரைக், அதாவது யூரியூப் போடும் கொப்பிரைற் எச்சரிக்கைப் புள்ளி. எனக்கு வந்த கோபத்தில் ஃபோனிலேயே எதிர் அறிவித்தல், அதாவது முறைப்பாடு பிழை, வீடியோவைத் திருப்பிப் போடுங்கள் என்று கேட்கும் படிவம், நிரப்பி அனுப்பினேன். பெயர், கொக்குவில் விலாசம், தொலைபேசி இலக்கம் எல்லாம் கேட்டார்கள், கொடுத்தேன். கீழே இருந்த சட்ட வசனங்களுக்கெல்லாம் சரி போட்டேன்.

அப்புறம் யூரியூப்பிலிருந்து ஒரு ஈமெயில். முறைப்பாட்டுக்காரர் வழக்குப் போட்டுவிட்டார், ஆகவே வீடியோவைத் திருப்பிப் போட முடியாது என்று இருந்தது. அதோடு ஒரு பீடிஎஃப். வடக்கு கலிபோர்னியா மாவட்ட நீதிமன்றம், 2025 மார்ச் 5 ஆம் திகதி தாக்கல் என்று முத்திரை. எதிராளி என்ற இடத்தில் என் பெயர், அதுவும் எழுத்துப் பிழையோடு. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. தபாலும் இல்லை, கோலும் இல்லை, ஆளும் வரவில்லை.

ரொறொன்ரோவில் இருக்கும் மச்சான் சொல்கிறார், அமெரிக்கச் சட்டப்படி 90 நாளுக்குள் அழைப்பாணை கையில் தர வேண்டும், தராவிட்டால் வழக்குத் தள்ளுபடி, நீ படுத்துத் தூங்கு என்று. இன்னொருவர், 90 நாள் என்பது ஸ்ரைக்குக்கு, வழக்குக்கு அல்ல என்கிறார். இப்போது ஜூன் நடுப்பகுதி, எந்த 90 ஆனாலும் தாண்டிவிட்டது. ரவுனில் ஒரு சட்டத்தரணியிடமும் போனேன். நல்ல மனிதர், காசு வாங்கவில்லை. "தம்பி, எனக்குக் காணி வழக்குத்தான் தெரியும்" என்று நேராகவே சொல்லிவிட்டார்.

வழக்கு முடிந்ததா? அந்த பீடிஎஃப்க்கு நான் பதில் எழுத வேண்டுமா? இனிமேல் ஏதும் பதிவுத் தபால் வந்தால் கையெழுத்து வைத்து வாங்கலாமா?

சங்கானையான்:

வாங்காதீர்கள். தபால்காரரிடம் ஆள் இல்லை என்று சொல்லித் திருப்பி விடுங்கள். என் பெரியப்பா ஒரு பங்குவழக்கில் அழைப்பாணை வாங்காமலே வருடக்கணக்காக இழுத்தவர். கையில் வாங்கினால்தானே வழக்கு? அமெரிக்காக்காரன் கொக்குவில் ஒழுங்கைக்குள் வந்து உங்களைத் தேடப் போகிறானா?

பழைய_பதிவறை:

யாழ்ப்பாண நீதிமன்றப் பதிவறையில் வேலை செய்தவன் நான். இப்போது பிள்ளைகளோடு கலிபோர்னியாவில். இங்கே ஒரு சட்ட அலுவலகத்தில் கெடுத் திகதி பதியும் வேலை: எந்த வழக்கில் எந்தப் பத்திரம் எந்த நாளுக்குள் போக வேண்டும் என்று நாட்காட்டியில் ஏற்றுவது. சட்டத்தரணி அல்ல, நாள் எண்ணுகிறவன். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கொக்குவில் தம்பி, உங்களுக்குச் சொன்ன இருவருமே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் அவர்கள் சொன்னது இரண்டு வேறு 90. யூரியூப் தரும் கொப்பிரைற் பாடத்தைப் பார்த்து முடித்தால் ஸ்ரைக் 90 நாளில் காலாவதியாகும் என்பது யூரியூப்பின் சொந்த விதி, நீதிமன்றத்துக்கும் அதற்கும் தொடுப்பே இல்லை. மச்சான் சொன்ன 90, அமெரிக்க கூட்டாட்சி நீதிமன்றங்களின் சிவில் நடைமுறை விதி 4(எம்). வழக்குத் தாக்கல் செய்த நாளிலிருந்து 90 நாளுக்குள் எதிராளிக்கு அழைப்பாணையும் வழக்குப் பத்திரமும் சேர்ப்பிக்க வேண்டும். 2015 டிசம்பர் 1 வரை அது 120 ஆக இருந்தது. பழைய கட்டுரைகளில் இன்னும் 120 என்றுதான் கிடக்கும், பார்த்துக் குழம்ப வேண்டாம்.

எண்ணுவது எப்படி என்றால், தாக்கல் செய்த நாளை விட்டுவிட வேண்டும். சனி, ஞாயிறு எல்லாம் சேரும். கடைசி நாள் சனி, ஞாயிறு அல்லது விடுமுறையில் விழுந்தால் மட்டும் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளும். மார்ச் 5 என்றால் உங்கள் 90 ஆவது நாள் ஜூன் 3, செவ்வாய்க்கிழமை. ஆம், தாண்டிவிட்டது.

தாண்டினால் என்ன? அமெரிக்காவுக்குள்ளேயே, நியூ ஜேர்சியில் இருக்கும் ஒருவருக்கு என்றாலும் வழக்குத் தானாகச் செத்துப் போகாது. நீதிபதி முதலில் வழக்காளிக்கு அறிவித்தல் கொடுத்து, ஏன் சேர்ப்பிக்கவில்லை என்று கேட்பார். தக்க காரணம் காட்டினால் கெடுவை நீட்டியே ஆக வேண்டும். காரணம் சரியில்லாவிட்டாலும் நீட்டும் அதிகாரம் நீதிபதிக்கு உண்டு. தள்ளினாலும், திரும்பப் போடுவதற்குத் தடையில்லாமல்தான் தள்ளுவார். கொப்பிரைற் வழக்குக்குக் காலவரையறை மூன்று வருடம், அதற்குள் இன்னொரு தரம் கட்டணம் கட்டித் திரும்பப் போடலாம். ஆகவே "90 நாள் முடிந்தது, தூங்கு" என்பது அங்கே இருப்பவனுக்கே அரைகுறை ஆறுதல்தான்.

உங்களுக்கு அந்த அரை ஆறுதலும் கிடையாது. அதே விதி 4(எம்) இன் கடைசி வசனத்தை யாரும் வாசிப்பதில்லை. வெளிநாட்டில் சேர்ப்பிக்கும் பத்திரத்துக்கு இந்தக் கெடு பொருந்தாது என்று அதில் நேராகவே எழுதியிருக்கிறது. அவர்களுக்குக் கொக்குவில் வெளிநாடு. மச்சான் சொன்ன சட்டம் இருக்கிறது, அது உங்களுக்குரியது அல்ல, அவ்வளவுதான். அதற்காக வழக்காளி காலம் பூராவும் சும்மா இருக்கலாம் என்றும் இல்லை. முயற்சி எடுத்ததற்கு அடையாளம் எங்கே என்று நீதிபதிகள் கேட்பார்கள், ஒன்றும் செய்யாமல் இருந்தவர்களின் வழக்கைத் தள்ளியும் இருக்கிறார்கள். ஆனால் இத்தனையாவது நாள் என்று சுவரில் எழுதி வைக்க ஒரு திகதி கிடையாது.

இதில் எனக்குக் கோபம் வருகிற ஒரு இடம் இருக்கிறது. டிஎம்சிஏ என்ற அமெரிக்கக் கொப்பிரைற் சட்டப்படி, நீங்கள் எதிர் அறிவித்தல் கொடுத்தால் 10 முதல் 14 வேலை நாளுக்குள் யூரியூப் வீடியோவைத் திரும்பப் போட வேண்டும், இடையில் முறைப்பாட்டுக்காரர் வழக்குத் தாக்கல் செய்துவிட்டதாக அறிவித்தாலே தவிர. கவனியுங்கள், தாக்கல் செய்தால் போதும். உங்களுக்குச் சேர்ப்பித்தாரா இல்லையா என்று யூரியூப் பார்ப்பதில்லை. தாக்கல் கட்டணம் 405 டொலர். அதைக் கட்டிவிட்டால் வீடியோ கீழேயே கிடக்கும். எதிராளி அமெரிக்காவில் இருந்தால் மூன்று மாதத்தில் நீதிமன்றமே மணி அடித்துக் கேட்கும். எதிராளி கொக்குவிலில் இருந்தால் அந்த மணி இல்லை. உங்கள் கொம்பனி அதைத்தான் செய்கிறது என்று நான் சொல்லவில்லை. செய்ய நினைத்தால் வழி திறந்து கிடக்கிறது என்கிறேன்.

அடுத்தது அந்த பீடிஎஃப். அது உங்களுக்கு வந்தது தகவலாக. அழைப்பாணை சேர்ப்பித்ததாக ஆகாது. நீதிமன்ற எழுத்தர் கையொப்பமும் முத்திரையும் வைத்த அழைப்பாணையும் வழக்குப் பத்திரமும் சேர்ந்து, வழக்கில் கட்சியல்லாத ஒருவர் மூலம், சட்டம் சொன்ன வழியில் வர வேண்டும். 1999 இல் மர்பி பிரதர்ஸ் என்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதையொட்டிய ஒரு கேள்வியைத் தீர்த்தது. மரியாதைக்காக ஃபக்ஸில் அனுப்பிய பிரதி கையில் கிடைத்ததால் மட்டும் எதிராளியின் கடிகாரம் ஓடத் தொடங்காது, முறையாகச் சேர்ப்பித்தால்தான் ஓடும் என்று. ஆகவே பீடிஎஃப்க்குப் பதில் எழுதாதீர்கள். கோபத்தில் நீதிமன்றத்துக்கும் ஒரு கடிதம் போட்டுவிடாதீர்கள். பத்திரம் முறைப்படி வரவில்லை என்ற ஆட்சேபத்தை முதல் பதிலிலேயே எழுப்ப வேண்டும், விட்டால் அந்த வாதம் போய்விடும். நீங்கள் நாலு வரியில் எழுதும் கடிதத்தையே முதல் பதிலாக எடுத்துக்கொள்ளும் நீதிபதியும் இருப்பார்.

சரி, நீங்கள் சரி போட்ட அந்த வசனங்களுக்கு வருவோம். எதிர் அறிவித்தலில் இரண்டு வாக்குறுதி இருக்கும். வெளிநாட்டில் இருப்பவர் என்றால், அந்தச் சேவை நிறுவனம் எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உடன்படுகிறேன் என்பது ஒன்று. யூரியூப் சான் புரூனோவில் இருக்கிறது, அது வடக்கு கலிபோர்னியா. "எனக்கும் கலிபோர்னியாவுக்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்கும் உரிமையை நீங்கள் ஃபோனில் கொடுத்துவிட்டீர்கள். மற்றது, முறைப்பாடு கொடுத்தவர் அல்லது அவருடைய முகவர் தரும் அழைப்பாணையை ஏற்றுக்கொள்கிறேன் என்பது. இதை வைத்து, "ஆளே ஒத்துக்கொண்டிருக்கிறார், ஈமெயிலில் அனுப்ப அனுமதி தாருங்கள்" என்று வழக்காளி நீதிபதியிடம் கேட்கலாம். விதி 4(எஃப்)(3) அதற்கு இடம் தருகிறது. 2002 இலேயே கொஸ்தாரிக்காவில் இருந்த ஒரு சூதாட்ட இணையத்தளக் கொம்பனிக்கு ஈமெயிலில் சேர்ப்பித்தது செல்லும் என்று ஒன்பதாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. வடக்கு கலிபோர்னியா அந்த வட்டாரத்துக்குள்தான்.

சங்கானையாருக்கு: உங்கள் பெரியப்பா காலத்துப் பிஸ்கால்மாரை, அழைப்பாணை கொண்டுபோகிற நீதிமன்ற அலுவலர்களை, எனக்கும் தெரியும். ஒளித்திருந்தவர்களின் வாசல் கதவில் ஒட்டிவிட்டு வந்து சத்தியக்கடதாசி கொடுத்தால் எங்கள் நீதிமன்றமே போதும் என்று எடுத்திருக்கிறது. ஈமெயிலுக்கு அந்தப் பசையும் தேவையில்லை. ஆளில்லாமல் தீர்ப்பு விழுந்தால் ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டொலர் வரை, வேண்டுமென்று செய்தது என்றால் 150,000 வரை நட்டஈடு போட நீதிபதிக்கு இடமுண்டு. தம்பியின் சனல் இருப்பது கூகிளின் கையில், கூகிள் இருப்பது அதே நீதிமன்றத்தின் எல்லைக்குள். ஒழுங்கைக்குள் வரத் தேவையே இல்லை.

இன்னொன்று. தபாலிலோ ஈமெயிலிலோ "சேர்ப்பிப்பை விட்டுக்கொடுக்கிறேன்" என்று கையெழுத்துக் கேட்டு ஒரு படிவம் வரலாம், அதாவது பத்திரத்தை முறைப்படி கொண்டுவந்து தரத் தேவையில்லை என்று நீங்கள் ஒத்துக்கொள்வது. அது விதி 4(டி). பார்த்தவுடன் கிழிக்க வேண்டாம். அமெரிக்காவுக்குள் இருப்பவர் காரணமில்லாமல் மறுத்தால் சேர்ப்பிக்கும் செலவை அவர் தலையில் கட்டுவார்கள், வெளியில் இருக்கும் உங்களுக்கு அந்தத் தண்டம் இல்லை. கையெழுத்து வைத்தால் என்ன லாபம்? சாதாரணமாகப் பத்திரம் வந்து 21 நாளில் பதில் கொடுக்க வேண்டும். படிவத்தில் கையெழுத்து வைத்தால், வெளிநாட்டில் இருப்பவருக்கு அந்தக் கோரிக்கை அனுப்பிய நாளிலிருந்து 90 நாள். இதோ உங்களுக்கு மூன்றாவது 90. இது ஒன்றுதான் உங்கள் பக்கம் நிற்கிற 90. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு கலிபோர்னியாவில் ஒரு சட்டத்தரணி பிடிக்க 21 நாள் காணாது.

இப்போதைக்கு ஒரு வேலை செய்யுங்கள். பீடிஎஃப் முதல் பக்கத்தில் வழக்கு இலக்கம் இருக்கும், 3:25, 5:25 என்பது போலத் தொடங்கும். அதை வைத்து வழக்கேட்டை, வழக்கில் நடந்ததெல்லாம் வரிசையாகப் பதியும் பட்டியலைப் பாருங்கள். பேசர் என்ற நீதிமன்றத் தளத்தில் பக்கத்துக்கு 10 சதம், ஒரு பத்திரத்துக்கு அதிகபட்சம் 3 டொலர், மூன்று மாதக் காலாண்டுக்கு 30 டொலருக்குள் நின்றால் ஒன்றும் கட்டத் தேவையில்லை. கோர்ட்லிசனர் தளத்தில் மற்றவர்கள் இறக்கிய பிரதிகள் இலவசமாகவே கிடக்கும். என்ன பதிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.

திருநெல்வேலி_சட்டமாணவி:

பழைய பதிவறை ஐயா சொன்னதோடு இலங்கைப் பக்கத்தையும் சேர்க்கிறேன். வெளிநாட்டு வழக்குப் பத்திரங்களைச் சேர்ப்பிப்பது பற்றிய 1965 ஆம் ஆண்டு ஹேக் சமவாயத்தில் அமெரிக்காவும் இருக்கிறது, நாங்களும் இருக்கிறோம். இலங்கைக்கு அது 2001 இலிருந்து நடைமுறையில் உண்டு. அந்த வழியில் வந்தால் கோரிக்கை முதலில் கொழும்பில் நீதி அமைச்சுக்குப் போகும், அங்கிருந்து இங்குள்ள நீதிமன்றத்துக்கு, பிறகு உங்கள் வீட்டுக்கு. சேர்ப்பித்ததற்கான சான்றிதழ் அதே வழியில் திரும்பிப் போக வேண்டும். மாதக்கணக்கில் எடுக்கும். அமெரிக்க விதியில் வெளிநாட்டுக்கு 90 நாள் கெடு இல்லாததன் காரணமே இந்தச் சுற்றுத்தான் என்று நினைக்கிறேன்.

ஆகவே அண்ணா, நீதிமன்றத்திலிருந்து யாராவது ஆங்கிலப் பத்திரக் கட்டோடு வந்தால், "இது அமெரிக்காவுடையது, எங்களுக்கு என்ன" என்று திருப்பி அனுப்பாதீர்கள். நீதிமன்றம் அந்த வழக்கைக் கேட்கவில்லை, தபால்காரர் வேலையைத்தான் செய்கிறது. வாங்கிய திகதியைப் பத்திரத்தின் மேலேயே எழுதி வையுங்கள், 21 நாள் அன்றிலிருந்துதான்.

சமவாயத்தின் 15 ஆம் உறுப்புரையும் தெரிந்திருக்க வேண்டும். கோரிக்கையை அனுப்பி ஆறு மாதத்துக்குக் குறையாத காலம் போயும், முயன்றும் சான்றிதழ் வரவில்லை என்றால், சில நிபந்தனைகளோடு நீதிபதி தீர்ப்புக் கொடுக்கலாம். சங்கானையார் சொல்கிற மாதிரித் திருப்பி விட்டால் நிற்காது என்பதற்கு இது இன்னொரு காரணம். சமவாயம் விலாசம் தெரியாத எதிராளிக்குப் பொருந்தாது என்றும் ஒரு விதி உண்டு. ஆனால் நீங்கள் விலாசத்தை நீங்களே கொடுத்துவிட்டீர்கள். அது ஒருவிதத்தில் நல்லது: "விலாசம் தெரிந்திருக்கும்போது ஏன் நேராக ஈமெயிலுக்கு ஓடுகிறீர்கள், முதலில் ஹேக் வழியில் போங்கள்" என்று கேட்கிற நீதிபதி கிடைக்கலாம்.

ஸ்காபரோ_மாமா:

அந்த மச்சான் நான் இல்லை, ஆனால் இங்கே எல்லா மச்சான்மாரும் அமெரிக்கச் சட்டம்தான் கதைப்பார்கள், தங்கள் நாட்டுச் சட்டம் தெரியாது. கனடாவில் ஃபெடரல் கோர்ட்டில் கொப்பிரைற் வழக்கென்றால் கோரிக்கைப் பத்திரம் வெளியிட்டதிலிருந்து 60 நாளுக்குள் சேர்ப்பிக்க வேண்டும், கனடாவுக்குள் வாங்கியவருக்குப் பதில் கொடுக்க 30 நாள். வீட்டில் தனக்காகப் படம் இறக்கியவன் மாதிரி வியாபாரமில்லாத விசயத்துக்குச் சட்டப்படி நட்டஈடு எல்லாப் படைப்புக்கும் சேர்த்தே 100 முதல் 5,000 கனேடிய டொலர். அமெரிக்கத் தொகையைப் பார்த்துவிட்டு ஸ்காபரோவில் ஒருவரும் நெஞ்சில் கைவைக்கத் தேவையில்லை.

எனக்கும் ஒரு கேள்வி. தங்கையின் மகன் நியூ ஜேர்சியில் படிக்கிறான். இன்ரநெற் கொம்பனி கடிதம் போட்டிருக்கிறது, அவனுடைய ஐபி இலக்கத்தில் ரொரன்ற் இறக்கினதாக வழக்கு, பெயரை நீதிமன்றம் கேட்கிறது, ஆட்சேபம் இருந்தால் சொல் என்று. இவனுக்கும் அந்த 90 தானா?

பழைய_பதிவறை:

மாமா, மருமகனுக்கு அந்த 90 சரியாகப் பொருந்தும், பயன்தான் குறைவு. அந்த வழக்குகள் ஆள் பெயர் இல்லாமல், "ஜோன் டோ, ஐபி இலக்கம் இன்னது" என்று தாக்கலாகும். பெயர் எடுக்க நீதிபதியின் அனுமதி வாங்கி, இன்ரநெற் கொம்பனிக்குக் கட்டளை போய், அது வாடிக்கையாளருக்குக் கடிதம் போட்டு, பெயர் திரும்பி வர 90 இல் பெரும்பகுதி கரைந்துவிடும். ஆகவே "இன்னும் பெயர் வரவில்லை" என்று கெடு நீட்டக் கேட்பது அந்தச் சட்டத்தரணிகளுக்கு அச்சடித்து வைத்த மனு, பெரும்பாலும் கிடைக்கும். கடிதத்தில் ஆட்சேபத்துக்கு ஒரு திகதி போட்டிருக்கும், மருமகன் பார்க்க வேண்டியது அதைத்தான். ஐபி இலக்கத்துக்குக் காசு கட்டுகிறவர் என்பதால் மட்டும் அவர்தான் இறக்கினார் என்று ஆகாது என 2018 இல் ஒன்பதாவது வட்டாரம் கொப்ளர் நெவாடா வழக்கில் சொல்லியிருக்கிறது. நியூ ஜேர்சி வேறு வட்டாரம் என்பதால் அங்கே அது கட்டுப்படுத்தாது, எடுத்துக் காட்டலாம். கல்லூரியில் மாணவர் சட்ட உதவி இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள்.

கொக்குவில்_ஸ்ரூடியோ:

அண்ணை, தங்கச்சி, எல்லோருக்கும் நன்றி. கோர்ட்லிசனரில் இலக்கத்தைப் போட்டுப் பார்த்தேன். 3:25 என்றுதான் தொடங்குகிறது. இவ்வளவு நாளும் நான் பேசாமல் இருக்க அங்கே ஒரு பட்டியலே ஓடியிருக்கிறது. மார்ச்சில் அழைப்பாணை வெளியிட்டதாகப் பதிவு. பிறகு ஜூன் கடைசிக்கு ஒரு கூட்டத் திகதி போட்டு நீதிபதியின் கட்டளை. போன கிழமை வழக்காளி ஒரு மனு போட்டிருக்கிறார், அந்த மனுப் பிரதி இலவசமாகக் கிடைத்தது. மாற்று வழியில் சேர்ப்பிக்க அனுமதி கேட்கிறார், என் சனலின் ஈமெயில் விலாசம் அதில் இருக்கிறது. ஐயா சொன்னது போலவே எதிர் அறிவித்தலில் நான் ஒத்துக்கொண்ட வசனத்தைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள்.

மனுவோடு இருக்கும் வழக்குப் பத்திரத்தையும் இந்த முறை கடைசிவரை வாசித்தேன். அவர்கள் கேட்பது முழுக் கச்சேரியையும் அல்ல. விடியப்புறம் வித்துவான்கள் சனம் கேட்டு ஒரு சினிமாப் பாட்டு வாசித்தார்கள். அந்தப் பாட்டின் உரிமை தங்களிடம் என்கிறார்கள். முன்னுக்கு இரண்டு மணித்தியாலம் தியாகராஜர் கீர்த்தனையும் ராக ஆலாபனையும், அதற்கு யாரும் உரிமை கேட்க முடியாதே?

இப்போது நான் அந்த மனுவை எதிர்க்க வேண்டுமா? இல்லை, ஈமெயில் வரும் வரை இருக்க வேண்டுமா?

பழைய_பதிவறை:

கூட்டத் திகதி கிட்ட வருகிறது, வெறுங்கையோடு நீதிபதி முன் நிற்க முடியாது, அதுதான் போன கிழமை அவசரமாக மனு. இந்த அலுவலகங்களில் நடப்பது எனக்குத் தெரியும். நாட்காட்டியில் சிவப்பு எழுத்து வந்த பிறகுதான் எதிராளி ஞாபகத்துக்கு வருவார்.

மனுவை எதிர்ப்பதா என்பது சட்டத்தரணி சொல்ல வேண்டியது. எதிர்த்து வென்றால் ஹேக் வழியில் வரும், உங்களுக்குச் சில மாதம் கிடைக்கும். ஆனால் அந்த மாதங்கள் பூராவும் வீடியோ கீழேதான் கிடக்கும், இழுபடுவதால் லாபம் அவர்களுக்கும் உண்டு. என் தனிப்பட்ட எண்ணம், பத்திரத்தை ஏற்றுக்கொண்டு விசயத்தைக் கதைத்து முடிப்பது நல்லது. அவர்கள் கேட்பது கடைசிப் பாட்டை மட்டும் என்றால், அதை வெட்டிவிட்டு மிச்சக் கச்சேரியைத் திரும்பப் போட விடுங்கள் என்று சட்டத்தரணி மூலம் கேட்கலாம். தியாகராஜர் 1847 இல் போய்ச் சேர்ந்தவர், கீர்த்தனைக்கு உரிமை கேட்க ஒருவரும் இல்லை. அந்த இரவு ஒலிப்பதிவு உங்கள் மைக்கில் எடுத்தது. வித்துவான்கள் வாயால் தந்த சம்மதத்தை ஒரு தாளில் எழுதி இப்போதே கையெழுத்து வாங்கி வையுங்கள், அவர்களில் ஒருவர் அடுத்த சீசனுக்கு மலேசியா போய்விட்டால் பிடிக்க முடியாது.

ஈமெயில் பற்றி: நீதிபதி அனுமதித்தால் அந்தக் கட்டளை வழக்கேட்டில் ஏறும், எப்படி அனுப்புவது, எந்த நாள் சேர்ப்பித்ததாகக் கொள்வது என்று அதிலேயே இருக்கும். ஆகவே நாளுக்கு ஒருக்கா அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். சனல் ஈமெயிலின் ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள், தெரியாத விலாசத்திலிருந்து பெரிய பீடிஎஃப் வந்தால் ஜிமெயில் அங்கேதான் தள்ளும். நீங்கள் திறக்கவில்லை என்பது காரணமாகாது. உதாரணத்துக்கு ஜூலை 7 ஆம் திகதி சேர்ப்பித்ததாகக் கொண்டால் பதில் ஜூலை 28 ஆம் திகதிக்குள் நீதிமன்ற அலுவலகத்தில் இருக்க வேண்டும். தபாலில் போட்ட நாளை யாரும் பார்ப்பதில்லை, போய்ச் சேர்ந்த நாள்தான் கணக்கு. கோடை காலத்தில் கலிபோர்னியா உங்களுக்குப் பன்னிரண்டரை மணித்தியாலம் பின்னால், அதுவும் ஞாபகம் இருக்கட்டும்.

21 நாள் காணாது என்றால், கெடு முடிவதற்கு முன்னரே மற்றப் பக்கச் சட்டத்தரணியிடம் நீட்டித் தரக் கேட்கலாம். இங்கே அது சாதாரணம், மறுக்கிறவர் குறைவு. கேட்கும்போது எழுத்தில் கேளுங்கள், அது ஏற்றுக்கொள்ளப்பட்டு வழக்கேட்டில் பதியப்படும்வரை நம்பிக்கொண்டு இருக்க வேண்டாம். வடக்கு கலிபோர்னியா நீதிமன்றத்தில் சட்டத்தரணி இல்லாதவர்களுக்கு இலவச உதவி நிலையம் இருக்கிறது, தொலைபேசியில் நேரம் எடுத்துக் கதைக்கலாம். நீதிமன்றத் தளத்தில் அதன் விபரம் இருக்கும். இன்று இரவே அவர்களுக்கு எழுதுங்கள்.

சங்கானையான்:

அப்ப தபால்காரரைத் திருப்பி விடச் சொன்னதை நான் வாபஸ் வாங்கவில்லை, ஈமெயிலைத் திருப்ப முடியாது என்றால் வேறு கதை. அது சரி, விடியப்புறம் என்ன பாட்டு வாசித்தவர்கள்?

கொக்குவில்_ஸ்ரூடியோ:

வழக்கு முடியும்வரை சொல்ல மாட்டேன் அண்ணை. உதவி நிலையத்துக்கு எழுதிவிட்டேன். தவில் வித்துவான் இருவரிடம் கையெழுத்து வாங்கியாயிற்று, மற்றவர் நல்லூர்த் திருவிழாவுக்கு முதல் வருவார்.